கிராவிற்றனைக் காணாமலே சோதித்த வரலாறு

கிராவிற்றன் என்பது ஈர்ப்புப் புலத்தின் ஆகச் சிறிய சக்திச் சொட்டாகக் கருதப்படும் துகள். ஒளிக்குப் போட்டன் எவ்வாறோ, ஈர்ப்புக்குக் கிராவிற்றன் அவ்வாறு. எந்தக் கருவியும் இன்றுவரை அதைத் தனியாகப் பிடித்ததில்லை. ஆயினும் அதன் திணிவு எவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது, அது எந்தக் கதியில் செல்கிறது, அதன் அதிர்வு எந்தெந்தத் திசைகளில் அமைகிறது என்பவற்றுக்கு எண்களில் எல்லை போட முடிந்திருக்கிறது. அந்த எல்லைகளுட் பல 2015 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஈர்ப்பு அலைகளிலிருந்து பெறப்பட்டவை. அவற்றுக்கு வேண்டிய கணக்குகள் அதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டுவிட்டன. அவற்றில் ஒரு பங்கு சென்னையிலும் பெங்களூரிலும் எழுதப்பட்டது.

ஈர்ப்புக்குக் கதி உண்டா என்ற கேள்வியே இந்த வரலாற்றின் தொடக்கம். 1687 இல் நியூற்றன் தந்த விதியில் நேரத்துக்கு இடமில்லை. சூரியன் இழுத்தால் பூமி அக்கணமே உணரும். லாப்லாஸ் இதை ஐயுற்று, ஈர்ப்புப் பயணிக்க நேரம் எடுத்தால் சந்திரனின் பாதை மெல்லப் பிசக வேண்டும் என்று கணக்கிட்டார். அப்படிப் பிசகு தெரியாததால், ஈர்ப்பின் கதி ஒளியின் கதியைப் போல் குறைந்தது 70 இலட்சம் மடங்காவது இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். கணக்கு நுட்பமானது, முடிவு தவறு. இயங்கும் பொருளின் வேகமும் ஈர்ப்பு விசைக்குள் நுழைந்து அந்தப் பிசகைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைக்குப் பிறகுதான் விளங்கியது.

அக்கொள்கை 1915 இல் முழுமை பெற்றது. மறு ஆண்டே ஐன்ஸ்டைன் ஈர்ப்பு அலைகளைப் பற்றி எழுதினார். அதில் இருந்த பிழைகளை 1918 இல் தாமே திருத்தினார். 1916 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே ஒரு முக்கியமான குறிப்பு இருக்கிறது. அணுவுக்குள் சுற்றும் இலத்திரன்கள் மின்காந்தச் சக்தியோடு மிகச் சிறிதளவு ஈர்ப்புச் சக்தியையும் வெளியிட வேண்டும். ஆகவே சொட்டுக் கொள்கை ஈர்ப்புக் கொள்கையையும் மாற்றியே தீரும் என்பது அதன் கருத்து. கிராவிற்றனின் விதை அங்கேதான் விழுந்தது.

1930 இல் லியோன் ரோசன்ஃபெல்ட் ஈர்ப்புப் புலத்தைச் சொட்டுக் கொள்கையின் முறைப்படி எழுத முதன்முதலாக முயன்றார். 1934 இல் புளோகின்ட்செவ், கால்பெரின் என்ற இரு சோவியத் பௌதிகவியலாளர்கள், பௌதிக இதழில் அல்லாமல் மார்க்சிய மெய்யியல் இதழொன்றில், இத்துகளுக்குக் கிராவிற்றன் என்று பெயரிட்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் லெனின்கிராட்டைச் சேர்ந்த மத்வேய் புரோன்ஸ்டைன், இத்துகள்களின் பரிமாற்றத்திலிருந்தே நியூற்றனின் எதிர்வர்க்க விதி கிடைப்பதைக் காட்டினார். அந்த வேலையைத் தொடர அவருக்கு வாய்க்கவில்லை. ஸ்டாலின் காலக் களையெடுப்பில் கைதாகி, 1938 பெப்ரவரியில், 31 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1939 இல் ஃபியர்ஸும் பௌலியும் எழுதிய சமன்பாடுகள் சோதனைக்கு வேண்டிய சட்டகத்தைத் தந்தன. கிராவிற்றனின் தற்சுழற்சி 2. போட்டனின் தற்சுழற்சி 1 ஆகையால் ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. தற்சுழற்சி 2 ஆனால் ஒத்த திணிவுகள் ஒன்றையொன்று இழுக்கும். திணிவு பூச்சியமாயின் அது ஒளியின் கதியிலேயே செல்லும், இரண்டு முனைவாக்கங்கள் (அதிர்வு வகைகள்) மட்டுமே கொண்டிருக்கும். திணிவு கடுகளவேனும் இருந்துவிட்டால் முனைவாக்கங்கள் ஐந்தாகிவிடும். இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையிலான இந்தத் தாவல் வெறும் எண்ணிக்கைச் சிக்கலன்று. 1970 இல் வான் டாம், வெல்ட்மன் இருவரும், தனியாக சகரோவும், ஒரு விசித்திரத்தைக் கண்டனர். கிராவிற்றனின் திணிவை எவ்வளவு சிறிதாக்கினாலும் விடை ஐன்ஸ்டைனின் விடையை நெருங்குவதில்லை. சூரியனுக்கருகில் ஒளி வளைய வேண்டிய அளவில் முக்கால் பங்கே வளையும். ஒளி வளைவு வானொலி அலைகளைக் கொண்டு துல்லியமாக அளக்கப்பட்டு, ஐன்ஸ்டைன் சொன்ன முழு அளவுக்கே பொருந்தியது. அப்படியானால் திணிவு துல்லியமாகப் பூச்சியமே என்று வழக்கை முடித்திருக்கலாம்.

முடியவில்லை. 1972 இல் வைன்ஷ்டைன், பெருந்திணிவுக்கு அருகில் அந்த எளிய கணக்கே செல்லாது, அங்கே மேலதிக முனைவாக்கங்கள் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளும் என்று காட்டினார். அதே ஆண்டில் போல்வெயரும் டெசரும், இத்தகைய கொள்கைகளில் எதிர்ச்சக்தி கொண்ட ஒரு பேய்த்துகளும் கூடவே நுழைந்துவிடுவதைச் சுட்டினர். அந்தப் பேயை ஓட்டிய கொள்கை 2010 இல்தான் டி ராம், கபடாட்சே, டோலி ஆகியோரிடமிருந்து வந்தது. இத்தனை பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1998 இல் பிரபஞ்சத்தின் விரிவு வேகமடைந்து வருவது தெரிந்தது. மிகப் பெரிய தூரங்களில் ஈர்ப்பு வலுவிழந்தால் அதை விளக்கலாம். கிராவிற்றனுக்குச் சிறு திணிவு இருந்தால் வலுவிழப்பு தானாகவே வரும்.

திணிவுள்ள துகள் சுமக்கும் விசை ஒரு தூரத்துக்கு மேல் விரைவாகத் தேய்ந்துவிடும். ஆதலால் ஈர்ப்பு அலை எதையும் காணாமலே, கோள்களின் பாதைகளைப் பார்த்து எல்லை போடலாம். 1988 இல் டல்மாட்ஜ் குழுவினர் இவ்வழியில் பெற்ற தரவிலிருந்து, கிராவிற்றனின் திணிவு ஏறத்தாழ 4.4 × 10⁻²² இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்படாது என்று கிடைத்தது. 1974 இல் கோல்ட்ஹாபரும் நீற்றோவும் விண்மீன் மண்டலக் கொத்துகளைக் கொண்டு போட்ட எல்லை இதைவிட மிக இறுக்கமானது. ஆனால் அது கரும்பொருளைப் பற்றிய ஊகங்களில் தங்கியிருப்பதால் அதன்மீது பலர் பாரம் ஏற்றுவதில்லை. இவை யாவும் அசையாமல் நிற்கும் ஈர்ப்பைச் சோதித்தவை. கிராவிற்றன் பயணிக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய அலை வேண்டும்.

அலை உண்டா என்பதிலேயே நெடுங்காலம் ஐயம் இருந்தது. 1936 இல் ஐன்ஸ்டைனே ரோசனோடு சேர்ந்து இல்லை என்று எழுதிப் பின்னர் மாற்றிக்கொண்டார். 1957 இல் சாப்பல் ஹில் மாநாட்டில்தான், அலை கடந்து போகும்போது ஒரு கம்பியில் கோத்த மணிகள் உராய்ந்து சூடேறும், எனவே அலை சக்தியைச் சுமக்கிறது என்ற ஃபைன்மனின் வாதம் பெரும்பாலோரை இணங்கவைத்தது.

எஞ்சிய கேள்வி, அலையை வெளியிடும் பொருளுக்கு என்ன நேர்கிறது என்பது. மின்காந்தத்தில் இதே கேள்வி பழையது. யாழ்ப்பாணத் தமிழரான கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001) கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவராக இருந்தபோது அதைத்தான் எடுத்துக்கொண்டார். கதிர்வீசும் இலத்திரனுக்கு டிராக் எழுதிய சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்து, இலத்திரன் புரோத்தனில் போய் விழுவதற்குப் பதிலாக வெளியே எறியப்படும் என்ற எதிர்பாராத விடையைப் பெற்றார். சமன்பாட்டின் நோயைக் காட்டிய இந்த முடிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். ஈர்ப்பில் இதற்கு நிகரான கணக்கைச் செய்தவர்களுள் முதன்மையானவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1970 இல் எஸ்போசிற்றோவுடன் எழுதிய கட்டுரையில், ஈர்ப்பு அலையை வெளியிடும் தொகுதி அதனாலேயே எவ்வாறு பின்னிழுக்கப்படுகிறது என்பதைப் படிப்படியான திருத்தங்களில் பெற்றார்.

1974 இல் ஹல்ஸும் டெய்லரும் கண்ட இரட்டைத் துடிவிண்மீன் இதற்குச் சான்றாயிற்று. 7.75 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் அந்த இரு நியூத்திரன் விண்மீன்களின் சுற்றுக்காலம் ஆண்டுதோறும் ஒரு செக்கனின் மில்லியனில் 76 பங்கு வீதம் குறைந்து வந்தது. ஈர்ப்பு அலை கொண்டுபோகும் சக்தியின் கணக்கோடு அது ஒத்துப்போனது. 1993 ஆம் ஆண்டு நோபல் பரிசு இதற்கே.

கிராவிற்றனின் திணிவை அலையிலிருந்தே அளக்கும் வழியை 1998 இல் கிளிஃபர்ட் வில் எழுதினார். அவரது கருத்து எளிமையானது. திணிவுள்ள துகளின் கதி அதன் சக்தியைப் பொறுத்தது. சக்தி மீடிறனைப் பொறுத்தது. ஆகவே தாழ்ந்த மீடிறன் அலை சற்று மெதுவாகவும் உயர்ந்த மீடிறன் அலை ஒளியின் கதிக்கு மிக அண்மித்தும் செல்லும். ஒன்றையொன்று சுற்றி நெருங்கும் இரு கருந்துளைகள் முதலில் தாழ்ந்த மீடிறனில் தொடங்கி, மோதும்போது உயர்ந்த மீடிறனில் முடிக்கின்றன. முன்னே புறப்பட்ட தாழ்மீடிறன் பகுதி வழியில் பின்தங்கினால், பின்னே புறப்பட்ட பகுதி அதை நெருங்கிவிடும். பூமியை அடையும் அலையின் வடிவம் புறப்பட்டதைவிட நெருக்கமாக இருக்கும். மூலத்தில் அலை எவ்வாறு இருந்திருக்கும் என்பது பொதுச் சார்புக் கொள்கையால் தெரிந்தால், வந்த வடிவத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை அளக்கலாம். அதற்கு எந்த ஒளியும் தொலைகாட்டியும் தேவையில்லை.

இதன் நுண்மையை எண்ணில் பார்க்கலாம். கிராவிற்றனின் திணிவு 1.2 × 10⁻²² இலத்திரன்வோல்ற்று என்று வைத்துக்கொண்டால், 130 கோடி ஆண்டு பயணித்த பிறகு 35 ஹேர்ட்ஸ் அலை ஒளியைவிடப் பத்துப் பதினைந்து மில்லிசெக்கன் பின்தங்கியிருக்கும். 250 ஹேர்ட்ஸ் அலை ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பின்தங்கும். தூரம்தான் இங்கே கருவி. எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறதோ அவ்வளவுக்கு மிகச் சிறிய திணிவும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வில்லின் கணக்கு அலையின் முதன்மை இசையை மட்டும் கொண்டிருந்தது. சமமற்ற திணிவுள்ள கருந்துளைகள் அதன் மேல் இசைகளையும் எழுப்பும். அவற்றைச் சேர்த்தால் எல்லை எவ்வளவு இறுகும் என்பதைச் சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தில் இப்போது பணிபுரியும் கே. ஜி. அருண், வில்லுடன் சேர்ந்து 2009 இல் கணக்கிட்டார். அதற்கும் முன்னர் 2006 இல் அருண், பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தின் பாலா ஐயர், குசைலா, பிரித்தானியாவில் கார்டிஃபில் இருந்த சத்தியபிரகாஷ் ஆகியோர் ஒரு பொது முறையை முன்வைத்திருந்தனர். அலையின் கட்டத்தை விவரிக்கும் தொடரின் ஒவ்வோர் உறுப்பையும் ஐன்ஸ்டைனின் பெறுமானத்திலிருந்து தளர்த்திவிட்டு, தரவு அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்ப்பதே அம்முறை. இப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் சந்திர காந்த் மிஸ்ரா 2010 இல் இவர்களோடு சேர்ந்து அதை விரித்தார். அந்தத் தொடரையே பல படிகளுக்குக் கணக்கிட்டதில் பாலா ஐயரின் பங்கு பெரிது. இரைச்சலுக்குள் இருந்து அலையைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளுக்கு 1991 இல் அடித்தளமிட்டவர்களுள் சத்தியபிரகாஷும் சஞ்சீவ் துரந்தரும் உண்டு. அலையே கிடைக்காத காலத்தில் அலையைச் சோதிக்கும் முறைகளை வகுப்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும்.

2015 செப்டெம்பர் 14 அன்று அலை கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் லூசியானாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும், ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் இடைவெளியில் உள்ள லைகோ என்ற ஈர்ப்பு அலை உணரியின் இரு நிலையங்கள் 7 மில்லிசெக்கன் வித்தியாசத்தில் அதை உணர்ந்தன. ஒவ்வொன்றும் எல் வடிவில் 4 கிலோமீற்றர் நீளமான இரு கைகள் கொண்டது. ஒரு கையின் நீளம், இலங்கையின் ஏ9 வீதியில் கிளிநொச்சி நகரத்திலிருந்து பரந்தன் சந்திக்கு உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. அந்த நீளம் ஒரு புரோத்தனின் விட்டத்தில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்கு மாறியது. 36, 29 சூரியத் திணிவுகள் கொண்ட இரு கருந்துளைகள் ஒன்றாகி 62 ஆனதில், மூன்று சூரியத் திணிவு அலையாகக் கரைந்தது. 2016 பெப்ரவரி 11 அன்று அறிவிப்பு வெளியானபோதே கிராவிற்றனின் எல்லையும் கூடவே வந்தது: 1.2 × 10⁻²² இலத்திரன்வோல்ற்று. கிராவிற்றனின் கொம்ற்றன் அலைநீளம் ஏறத்தாழ ஓர் ஒளியாண்டுக்குக் குறையாது என்று இதையே வேறுவிதமாகவும் சொல்லலாம். பயணிக்கும் ஈர்ப்பிலிருந்து கிடைத்த அன்றைய எல்லைகளில், இரட்டைத் துடிவிண்மீன்கள் தந்ததை இது பல நூறு மடங்கு விஞ்சியது.

மோதலுக்குப் பின் ஒன்றிணைந்த கருந்துளை மணிபோல ஒலித்து அடங்குவதும் அப்பதிவில் மங்கலாகத் தெரிந்தது. அந்த ஒலியடக்கத்தை 1970 இல் முதலில் கணித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விஸ்வேஸ்வரா; 1975 இல் சந்திரசேகரும் டெட்வைலரும் அதன் மீடிறன்களைக் கணக்கிட்டனர். விஸ்வேஸ்வரா 2017 ஜனவரியில் காலமாவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டார்.

அதன்பின் அலைகள் பெருகின. ஒவ்வொன்றும் தனித்தனியே பலவீனமான சாட்சி. சேர்த்துப் பார்க்கையில் எல்லை இறுகுகிறது. 2020 வரையான பதிவுகளின் தொகுப்பிலிருந்து பெறப்பட்ட எல்லை 1.27 × 10⁻²³ இலத்திரன்வோல்ற்று. இலத்திரனின் திணிவில் இது 4 × 10²⁸ இல் ஒரு பங்கு. கோள்களின் பாதையிலிருந்து பெறப்பட்ட பிந்திய எல்லைகளும் இதே வரிசையில் இருக்கின்றன. முற்றிலும் வேறான இரு வழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பது, எண்ணைவிடக் கூடுதலான நம்பிக்கையைத் தருகிறது.

கதியைப் பற்றிய மிகக் கூர்மையான விடை 2017 ஓகஸ்ட் 17 அன்று ஒரே நிகழ்விலிருந்து வந்தது. 13 கோடி ஒளியாண்டு தொலைவில், என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பு அலை முடிந்து 1.7 செக்கன் கழித்துக் காமாக் கதிர்கள் வந்தன. பிந்தியதற்கு மோதலின் உள்விவரங்களே காரணமாக இருக்கலாம். இருந்தும் ஈர்ப்பின் கதி ஒளியின் கதியிலிருந்து ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்குக்கு மேல் வேறுபட முடியாது என்றாயிற்று. பிரபஞ்ச விரிவை விளக்க எழுதப்பட்ட மாற்று ஈர்ப்புக் கொள்கைகள் பலவற்றில் இரு கதிகளும் வேறு வேறு. அவை அந்த ஒரு நாளில் காலாவதியாயின. லாப்லாஸின் 70 இலட்சம் மடங்கு என்ற விடையோடு ஒப்பிட்டால், இடையில் நடந்த வேலையின் அளவு தெரியும்.

அதே நிகழ்வின் தூரம் ஒளியாலும் ஈர்ப்பாலும் தனித்தனியே அளக்கப்பட்டது. ஈர்ப்பு மறைந்த பரிமாணங்களுக்குள் கசிந்தாலோ, கிராவிற்றன் வழியில் சிதைந்தாலோ அலை எதிர்பார்த்ததைவிட மங்கியிருக்கும். மங்கவில்லை. அதிலிருந்து கிராவிற்றனின் ஆயுள் 45 கோடி ஆண்டுக்குக் குறையாது என்று பார்டோவும் உடனிருந்தவர்களும் 2018 இல் கணித்தனர்.

முனைவாக்கத்தைச் சோதிக்க இரண்டு நிலையங்கள் போதா. இரு லைகோக்களும் ஏறக்குறைய ஒரே திசையில் அமைந்தவை. அலை விண்வெளியை எந்தெந்தத் திசையில் இழுத்துச் சுருக்குகிறது என்பதை அவற்றால் பிரித்தறிய இயலாது. 2017 ஓகஸ்ட் 14 அன்று இத்தாலியின் வேர்கோ நிலையமும் சேர்ந்து ஓர் அலையைப் பதிந்தது. தற்சுழற்சி 2 க்குரிய வடிவமே தரவுக்கு மிகப் பொருந்தியது. 1 க்கும் பூச்சியத்துக்கும் உரிய தூய வடிவங்கள் பின்தள்ளப்பட்டன. மூன்றும் கலந்திருப்பதை விலக்க மேலும் நிலையங்கள் வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் திட்டமிடப்பட்டு, 2023 ஏப்ரலில் 2,600 கோடி இந்திய ரூபா ஒதுக்கத்துடன் இந்திய அமைச்சரவையின் முழு அனுமதி பெற்ற லைகோ-இந்தியா அதில் ஒன்று.

இந்தத் துறை உருத்திரண்ட ஆண்டுகள் இலங்கையின் வன்னிக்குப் போர் ஆண்டுகள். வில்லின் கட்டுரை வந்த 1998 இல் கிளிநொச்சியிலும், அருணும் வில்லும் எழுதிய 2009 இல் முல்லைத்தீவிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. இன்று லைகோவின் தரவுகள் பொதுவில் திறந்து கிடக்கின்றன. அவற்றைப் பகுக்கும் நிரல்களும் இலவசம். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீட மாணவரோ, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் மாணவரோ முதல் அலையின் பதிவை இறக்கி, கிராவிற்றனின் எல்லையைத் தாமே போட்டுப் பார்க்கலாம். அதற்கு வேண்டிய கணிதத்தின் பெரும்பகுதி உயர்தர வகுப்பின் அலைப் பாடத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

மீடிறன் குறையக் குறைய கிராவிற்றனின் திணிவுச் சோதனை கூர்மையாகும். 10⁻²³ இலத்திரன்வோல்ற்றுத் திணிவுள்ள கிராவிற்றன், ஏறத்தாழ 2.4 நனோஹேர்ட்ஸுக்குக் கீழே அலையாகச் செல்லவே முடியாது. அந்த மீடிறன்களில் உள்ள அலைகளை உணரத் துடிவிண்மீன்கள் உதவுகின்றன. 2023 ஜூனில், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தினரும் பங்கேற்கும் இந்தியத் துடிவிண்மீன் அணி உட்படப் பல நாட்டுக் குழுக்கள், நனோஹேர்ட்ஸ் அலைகளின் பின்னணி இரைச்சலுக்குச் சான்றுகளை வெளியிட்டன. 2024 ஜனவரியில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏற்றுக்கொண்ட லைசா, 25 இலட்சம் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று விண்கலங்களைக் கொண்டு, லைகோவுக்கும் துடிவிண்மீன்களுக்கும் நடுவிலுள்ள மீடிறன்களைக் கேட்கும்.

இவை எதுவும் தனிக் கிராவிற்றனைப் பிடிப்பதில்லை. ஃப்ரீமன் டைசன் 2012 இல் இதை வெளிப்படையாகக் கணக்கிட்டார். லைகோ உணரக்கூடிய வலுவுள்ள அலையில் கிராவிற்றன்கள் 10³⁷ என்ற வரிசையில் குவிந்திருக்கும். அதே கருவி ஒன்றை மட்டும் உணர வேண்டுமானால் அதன் கண்ணாடிகள் கருந்துளையாகச் சரிந்துவிடும். 2006 இல் ரொத்மனும் பௌனும் வியாழன் அளவு பெரிய உணரியை நியூத்திரன் விண்மீனொன்றின் அருகில் வைத்தாலும் பத்து ஆண்டில் ஒரு கிராவிற்றன் கிடைத்தால் பெரிது என்று காட்டியிருந்தனர். 2024 இல் பிக்கோவ்ஸ்கியின் குழு வேறு வழியொன்றை முன்மொழிந்தது. மிகக் குளிர்விக்கப்பட்ட உலோகத் தண்டை அதன் ஆகத் தாழ்ந்த சக்தி நிலையில் நிறுத்தி, லைகோ அலையொன்றைப் பதியும் அதே கணத்தில் தண்டு ஒரே ஒரு படி மேலே தாவுகிறதா என்று பார்ப்பது. தாவினால், தண்டு ஒரு கிராவிற்றனை விழுங்கியது என்று கொள்ளலாம்.

கொள்ளலாம் என்பதோடுதான் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஐன்ஸ்டைன் 1905 இல் ஒளிமின் விளைவைப் போட்டனால் விளக்கினார். ஆனால் அணுவை மட்டும் சொட்டாக எடுத்து ஒளியைப் பழைய அலையாகவே வைத்தாலும் அவ்விளைவை விளக்க முடியும் என்று 1969 இல் லாம்பும் ஸ்கல்லியும் காட்டினர். தண்டின் தாவலுக்கும் அதே மறுப்பு பொருந்தும். பழைய அலையால் விளக்கவே முடியாத சான்று ஒளிக்குக் கிடைத்தது, போட்டன்கள் கூட்டமாக வராமல் ஒன்றொன்றாக இடைவிட்டு வருவதை 1977 இல் கிம்பிள், டகினெய்ஸ், மண்டெல் ஆகியோர் அளந்தபோதுதான்.